நிலையா உருவை அளத்தல்: மெல்லுடலுயிர்களின் வடிவாய்வு வரலாறு

எலும்புடைய உயிரொன்றின் உருவத்தை அளத்தல் அரிய செயலன்று. மீனின் வாய் நுனியிலிருந்து வால் வரையுள்ள நீளத்தையோ மாட்டின் தோளுயரத்தையோ இன்று அளந்தாலும் நாளை அளந்தாலும், அளப்பவர் யாராயினும், விடை பெரிதும் மாறுவதில்லை. என்பும் ஓடும் உருவத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. மண்புழுவின் நிலை வேறு. ஊர்ந்து செல்கையில் நீண்டு மெலிந்து காணப்படும் அது, விரல் பட்ட கணத்தே குறுகித் தடிக்கின்றது. கடற்சாமந்தி நீரினுள் மலர்ந்த பூவாகவும், தொட்டவுடன் சிறு கட்டியாகவும் தோன்றும். இவற்றின் நீளம் யாது, அகலம் யாது என வினவினால், எந்த நேரத்து நீளம், எந்த நிலையில் அகலம் என்னும் எதிர்வினாவே விடையாக எழும்.

அளவின்றி ஒப்பிடல் இல்லை. ஒப்பிடலின்றி இனங்களைப் பகுத்தறிதலும் வளர்ச்சியைக் கணித்தலும் இல்லை. ஆகவே மெல்லுடலுயிர்களின் உருவத்தை எவ்வாறு அளப்பது என்பது கருவி பற்றிய சிறு வினாவன்று. விலங்கியலின் அடிப்படையையே தொடும் வினாவாகும். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர் இவ்வினாவோடு போராடி வந்துள்ளனர். அப்போராட்டத்தின் வரலாறு, மாறும் பொருளைப் பிடித்து நிறுத்த முயன்று இயலாமற் போனபின், மாற்றத்தையே அளக்கக் கற்றுக்கொண்ட வரலாறாகும்.

சுவீடன் தேசத்து இலின்னேயசு 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலின் பத்தாம் பதிப்பிலே, பூச்சியினம் ஒழிந்த முள்ளந்தண்டற்ற உயிர்களைப் பெரும்பாலும் ‘புழுக்கள்’ என்னும் ஒரே வகுப்பில் அடக்கினார். ஓடுடைய நத்தையை அவ்வகுப்பின் ஒரு வரிசையிலும், ஓடில்லா நத்தையை வேறொரு வரிசையிலும் வைத்தார். ஓடில்லா நத்தையோடு ஒரே வரிசையில் இடம்பெற்றவை கணவாய், இழுதுமீன், உடுமீன் முதலாய ஒன்றற்கொன்று உறவில்லாதன. நத்தைகள் இரண்டும் நெருங்கிய உறவினவென்பதை இன்று பள்ளி மாணவரும் அறிவர். எனினும் அவ்வறிஞர் பெருமகனின் பிழை அறியாமையின் பாற்பட்டதென்று மட்டுங் கூறுதல் பொருந்தாது. ஓடு அளத்தற்கு எளிது. பெட்டியில் வைத்துக் காத்தற்கும் எளிது. உள்ளிருக்கும் மெல்லுடலோ அளவுகோலுக்கு அடங்காதது. அளக்கக் கூடியதே பகுப்புக்கு அடிப்படையாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆழ்கடலிலிருந்தும் தொலைநாட்டுக் கரைகளிலிருந்தும் மெல்லுடலுயிர்கள் ஐரோப்பிய நூதனசாலைகளை வந்தடைந்தன. அற்ககோலில் இடப்பட்ட அவை நிறமிழந்து, சுருங்கி, பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றின. உயிரோடிருக்கையில் வரைந்த படமொன்றே உருவத்தைக் காக்கவல்லது என்பதைப் பலர் உணர்ந்தனர். யோசுவா அல்டர், அல்பனி ஃகன்கொக்கு என்னும் இருவரும் பிரித்தானியக் கடல்களில் வாழும் ஓடில்லாக் கடல்நத்தைகளைப் பற்றி 1845 முதல் 1855 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெருநூல், அந்நெறிக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இந்நெறியிற் சென்றோருள் இலங்கையிற் பிறந்த ஒருவரும் உளர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1819இல் பிறந்த எட்வர்ட் பிரெட்ரிக் கெலாட் இராணுவ வைத்தியராகக் கடமையாற்றியவர். 1852இல் இலங்கை விலங்குகளைப் பற்றி நூலொன்றை வெளியிட்டவர். பின்னர் முத்துச்சிப்பியின் வாழ்க்கையை ஆராயும் பணியை ஏற்ற அவர், திருகோணமலைக் கடலிற் கண்ட ஓடில்லாக் கடல்நத்தைகளையும் தட்டைப்புழுக்களையும் விவரித்து, ஓவியங்களாகவும் தீட்டிவைத்தார். 1860இல் இங்கிலாந்துக்குச் செல்லும் வழியிற் கப்பலிலேயே காலமானார். அவர் திரட்டிய தட்டைப்புழுக்களைப் பற்றிய செய்திகளைக் கத்பேட் கொலிங்வுட்டு 1876இல் வெளியிட்டார். கடல்நத்தை ஓவியங்களைச் சேர் சாள்சு எலியட்டு என்பார் 1906இல் ஆராய்ந்து எழுதினார். இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பற்றி 1921இல் மூன்று பாகங்களாகப் பெருநூல் வெளியிட்ட எலியட்டே இவர். ஓவியர் மறைந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அந்த உருவங்களைப் பற்றி ஆராய முடிந்தமைக்கு, உயிருள்ளபோது வரைந்த கோடுகளே துணைநின்றன.

ஓவியம் தட்டையானது, உயிரோ முப்பரிமாணமுடையது. இக்குறையை நீக்க முயன்றவருட் கண்ணாடித் தொழில் வல்லாரான இலியோபோல்டு பிளசுக்காவும் அவர் மகன் உரூடோல்பும் முதன்மையானவர். யேர்மனியின் திரெசுடன் நகரில் 1863ஆம் ஆண்டு தொடக்கம் இலியோபோல்டு கடற்சாமந்திகளைக் கண்ணாடியில் உருவாக்கலானார். பின்னர்த் தந்தையும் மகனும் இழுதுமீன், கணவாய், கடல்நத்தை முதலியவற்றையும் வடித்துப் பல நாட்டு நூதனசாலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் விற்றனர். குப்பியில் உருக்குலைந்து கிடந்த உயிரைக் காட்டிலும் கண்ணாடி உருவமே மாணவருக்கு உண்மையுருவைக் காட்டிற்று. ஆயினும் கண்ணாடி ஒருபோதும் சுருங்காது, நீளாது. கைவல்லோன் தேர்ந்தெடுத்த ஒரு கணத்தை மட்டுமே அது காத்து நின்றது.

உயிரையே அழகுற நிலைநிறுத்தும் முயற்சியும் உடனிகழ்ந்தது. அந்தோன் தோண் 1872இல் நிறுவிய நேப்பிள்சு விலங்கியல் நிலையத்தில், சிறுவனாகப் பணிக்குச் சேர்ந்த சல்வற்றோரே உலோ பியாங்கோ, கடலுயிர்களைப் பதப்படுத்துவதில் ஒப்பற்றவராக விளங்கினார். நீரிற் சிறிது சிறிதாக அற்ககோலைச் சேர்த்தும் குளோரல் ஐதரேற்றைக் கரைத்தும் உயிரை முதலில் மயக்கி, அது தளர்ந்து விரிந்த நிலையிலேயே பதப்படுத்தும் முறைகளை அவர் 1890இல் வெளியிட்டார். 1893இல் பேடினந்து பிளூம் போமலினின் பதப்படுத்தும் ஆற்றலை எடுத்துரைத்தார். இவற்றால் அளவைகள் முன்னையிலும் ஒழுங்குபெற்றன. எனினும் மயங்கித் தளர்ந்த நிலை ஒன்று. நடமாடும் உயிரின் நிலை வேறொன்று. அளத்தற்காக அசைவை நீக்கினால், அளக்க வேண்டியதன் பெரும்பகுதியும் உடன் நீங்கிவிடுகின்றது.

அளவுகோலின் இயலாமையைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று கொத்துலாந்துக் கரையில் நிகழ்ந்தது. 1864ஆம் ஆண்டு இளவேனிற் காலத்துப் பெரும்புயலின் பின்னர், சென் அன்றூசுக் கரையில் நெமேற்றியர் என்னும் இனத்தைச் சேர்ந்த நீண்ட கடற்புழு ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. வில்லியம் மக்கின்தோசு என்னும் அறிஞர் அதனைப் பற்றி எழுதிவைத்துள்ளார். எட்டு அங்குல அகலமும் ஐந்து அங்குல ஆழமுமுடைய பாத்திரத்தில் ஏறக்குறைய அரைவாசியை மட்டுமே அது நிறைத்திருந்தது. ஆனால், சிக்கெடுத்து நீட்டியபோது அறுபடாமல் 30 யார், அஃதாவது ஏறத்தாழ 27 மீற்றர் வரை அளக்க முடிந்தது. அப்போதும் அதன் திரளில் அரைவாசிகூட அவிழவில்லையாம். அதனைக்கொண்டு 55 மீற்றர் நீளமுள்ள புழு என்று பின்வந்த நூல்கள் பல எழுதின. இழுத்தால் நீளும் உடலுக்கு நீளம் குறிப்பது, நெகிழ்பட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளவு சொல்வதனை ஒக்கும். உலகின் மிக நீண்ட உயிர் எது என்னும் வினாவுக்கு அப்புழுவைக் காட்டுவோர், நீளம் என்பதன் பொருள் யாது என்னும் முதல் வினாவை மறந்தனர்.

மக்கின்தோசு வகித்த சென் அன்றூசுப் பேராசிரியப் பதவிக்கு 1917இல் வந்தவர் டார்சி வென்ற்வேர்த்து தொம்சன். அதே ஆண்டில் அவர் வெளியிட்ட ‘வளர்ச்சியும் உருவமும்’ என்னும் பெருநூல் உருவ ஆய்வையே புதுவழியிற் செலுத்திற்று. உயிரின் உருவம் அதன்மேற் செயற்பட்ட விசைகளின் விளைவாகும் என்பது அவர் கொள்கை. நீரில் விழும் மைத்துளி குடைபோல் விரிந்து நூல்களாய்த் தொங்குவதையும் இழுதுமீனின் உருவத்தையும் அவர் அருகருகே வைத்து ஒப்புநோக்கினார். மேலும், மீனொன்றின் படத்தின்மீது சதுரக் கட்டங்களை வரைந்து, அக்கட்டங்களை ஒழுங்காக வளைத்தால் வேறொரு மீனினத்தின் உருவம் தோன்றுவதையும் காட்டினார். உருவம் என்பது தனித்தனி அளவுகளின் தொகையன்று, ஒன்றோடொன்று இயைந்த முழுமையாகும் என்பது இதனாற் புலனாயிற்று.

எனினும் தொம்சனின் கட்டமுறை மெல்லுடலுயிர்களுக்கு எளிதிற் பொருந்தவில்லை. கட்டங்களை வளைத்து ஒப்பிட வேண்டுமாயின், கண், செவுள், துடுப்பின் அடி என்றாற் போல, ஓருடலிலுள்ள புள்ளிக்கு மற்றையதில் நேரான புள்ளி வேண்டும். கண்ணும் துடுப்பும் அற்ற கடற்சாமந்தியின் மழமழப்பான பக்கத்தில் எந்தப் புள்ளியை அடையாளமாகக் கொள்வது? கொண்டாலும், அடுத்த கணத்தில் அப்புள்ளி இடம் பெயர்ந்துவிடும். வேறு வழியொன்று தேவைப்பட்டது. அது வடிவத்தை விட்டு, வடிவத்தை ஆக்கும் பொறியை நோக்கிச் செல்லும் வழியாயிற்று.

எலும்பில்லா உடல் எதனை ஊன்றி அசைகின்றது? உடலினுள் அடைபட்ட திரவத்தை என்பதே விடை. திரவம் அமுக்கத்தாற் சுருங்காது. எனவே அதன் கனவளவு மாறாது. மண்புழுவின் வட்டத்தசைகள் சுருங்கினால் உடல் மெலிந்து நீளும். நெடுந்தசைகள் சுருங்கினால் குறுகித் தடிக்கும். யேம்சு கிரேயும் இலிசுமானும் 1938இல் மண்புழுவின் அசைவை ஆராய்ந்தனர். சப்மனும் நியூவெலும் மணலைத் துளைக்கும் கடற்புழுவின் உடற்றிரவம் ஆற்றும் தொழிலை 1947இல் விளக்கினர். இத்தகைய அமைப்புக்கு ‘நீர்நிலையியல் வன்கூடு’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. நீரே என்பின் தொழிலைச் செய்கின்றதென்பது அப்பெயரின் கருத்து.

கேம்பிரிச்சிற் பணியாற்றிய காள் பான்ரினும், நியூசிலாந்திலிருந்து வந்த எலிசபெத்து பதமும் 1950இல் கடற்சாமந்தியைப் பற்றி வெளியிட்ட ஆய்வுகள் இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். நாம் நோக்கும்போது அசைவற்றிருப்பதாகத் தோன்றும் அவ்வுயிர், இடைவெளிவிட்டு எடுத்த படங்களை விரைவாக ஓட்டிக் காணும்போது இடையறாது நீண்டும், குறுகியும், சாய்ந்தும், விரிந்தும் உருமாறுவது தெரிந்தது. எவரும் தூண்டாமலே அது மாறிற்று. ஆகவே ‘இயல்பான உருவம்’ ஒன்று உண்டு, அதனைக் கண்டுபிடித்து அளந்தாற் போதும் என்னும் நீண்டகால நம்பிக்கை தளர்ந்தது. ஓய்வென்பதும் ஓரசைவே என்றால், எந்தக் கணத்தைத் தேர்ந்தாலும் அது பலவற்றுள் ஒன்றேயன்றி வேறன்று.

எட்டு ஆண்டுகளின் பின், கிளாக்கு, கௌவே என்னும் இருவரும் இதற்கு அழகிய விடையொன்றை முன்வைத்தனர். நெமேற்றியப் புழுக்களின் தோலுக்கடியில் நுண்ணிய நார்கள் இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் உடலைச் சுற்றிப் பின்னிக் கிடப்பதைக் கௌவே முன்னரே 1952இல் விவரித்திருந்தார். அந்நார்கள் தாம் நீள்வதில்லை. அவற்றினிடைப்பட்ட கோணமே மாறுகின்றது. புழுவை ஓர் உருளையாகக் கொள்க. நார், உடலின் நெட்டச்சோடு ஏறக்குறைய ஒன்றிக் கிடந்தால் உருளை மிக நீண்டு மெலியும். உள்ளிடம் சுழியத்தை நெருங்கும். நார் உடலைக் குறுக்கே சுற்றிக் கிடந்தால் உருளை தட்டுப்போலக் குறுகும். அப்போதும் உள்ளிடம் சுழியத்தை நெருங்கும். இவ்விரண்டிற்கும் இடையில், நெட்டச்சோடு 54 பாகை 44 கலை கோணத்தில் நார் கிடக்கும்போது உள்ளிடம் மிகப் பெரிதாகும். இது கணிதத்தால் துணியப்பட்ட முடிபு.

உள்ளிடம் மாறினாலும் புழுவின் கனவளவு மாறாதன்றோ? அக்கனவளவு மேற்கூறிய பேரளவினும் குறைந்ததாயின், இடைப்பட்ட நிலைகளில் உடல் உருளையாக நிறையாது. குறுக்குவெட்டுமுகம் வட்டமாகாமல் நீள்வளையமாகத் தட்டையுறும். நீளுதலின் எல்லையிலும் குறுகுதலின் எல்லையிலும் மட்டுமே அது வட்டமாகும். அவ்வெல்லைகளை நார்வலை தாண்டவிடாது. இதிலிருந்து பெறப்படும் முடிபு வியப்பிற்குரியது. ஓய்ந்திருக்கும் புழு எவ்வளவு தட்டையானதோ, அவ்வளவுக்கு அது நீளவும் குறுகவும் இடமுண்டு. தட்டைமையை அளந்தால், உருமாற்றத்தின் எல்லைகளை முன்கூட்டியே கணிக்கலாம். அவ்விருவரும் நெமேற்றியப் புழுக்கள், தட்டைப்புழுக்கள் பலவற்றை அளந்து 1958இல் தம் முடிபுகளை வெளியிட்டனர். திரண்ட உடலையுடைய புழுக்களிற் கணிப்பும் காட்சியும் பெரிதும் நெருங்கின. மிகத் தட்டையான புழுக்களோ கணித்த எல்லை வரை நீளவில்லை. அவற்றை நார்வலைக்கு முன்னரே வேறு காரணங்கள் தடுத்தன. இவ்வேறுபாடும் பயனுடையதே. எங்கே நார் ஆள்கின்றது, எங்கே தசை ஆள்கின்றது என்பதை அது பிரித்துக் காட்டிற்று.

இவ்வாய்வின் சிறப்பு யாதெனின், வினாவையே அது மாற்றியமையாகும். ‘இப்புழுவின் நீளம் எவ்வளவு?’ என்பதற்கு மாறாக, ‘இப்புழு எவ்வெல்லைக்குள், எவ்விதிப்படி உருமாறும்?’ என்னும் வினா எழுந்தது. முன்னையதற்கு நிலையான விடை இல்லை, பின்னையதற்கு உண்டு. கிளாக்கு 1964இல் வெளியிட்ட நூலில், உடற்குழியும் உடற்றுண்டங்களும் தோன்றிய கூர்ப்பு வரலாற்றையே இப்பொறியியல் நோக்கில் விளக்க முற்பட்டார். 1985இல் கீயர், சிமித்து என்னும் இருவர், திரவக் குழியின்றித் தசையே நிறைந்த கணவாயின் பரிசக்கரமும் யானையின் துதிக்கையும் நாவும் கனவளவு மாறாமையென்னும் அதே விதிக்கு உட்பட்டவையெனக் காட்டினர். மெல்லுடலுயிரிற் கண்ட உண்மை மனிதன் வாயினுள்ளும் செயற்படுகின்றதென்பது இதனால் விளங்கும்.

கணிப்பொறி வந்தபின் முற்காலத்து இடர்கள் சில நீங்கின. அடையாளப் புள்ளியில்லாத உடலின் வெளிக்கோட்டைப் பல நீள்வளையங்களின் கூட்டாகப் பகுத்து எண்களாக்கும் முறையைக் கூலும் யியாடினாவும் 1982இல் தந்தனர். ஒரு மில்லிமீற்றர் நீளமே உள்ள வட்டப்புழுவொன்றைச் சிட்னி பிரெனர் 1974இல் மரபியலாய்வுக்கு உரியதாக்கினார். அவ்வாய்வில் இனம்பிரித்த பிறழ்வுகளுட் சில, கட்டையுடல், நெடியவுடல் என உருவத்தாலேயே பெயர் பெற்றவை. அப்புழுவின் ஊர்வை 2008இல் சிடீபன்சும் அவர் துணைவரும் படம்பிடித்து, உடலின் நடுக்கோடு வளையும் கோணங்களை வரிசையாக அளந்தனர். எண்ணற்றவையாகத் தோன்றிய வளைவுகளில் ஏறக்குறைய 95 சதவீத வேறுபாட்டை நான்கே அடிப்படை வடிவங்களின் கூட்டாற் கூறிவிடலாம் என்பது அவர்கள் கண்ட முடிபு. கட்டற்றதாகத் தோன்றிய அசைவும் சில விதிகளுக்குள் அடங்கி நின்றது.

இவையெல்லாம் ஆய்வுகூடத்துள் மட்டும் பயன்படும் நுட்பங்கள் என்று கருதுதல் கூடாது. மன்னார்க் குடாவின் இருகரையிலும் வாழ்வோர்க்கு இவ்வினா நேரிற் பொருளுடையது. கடலட்டை பிடித்து அவித்து உலர்த்திச் சீன தேசத்துக்கு அனுப்புதல் இக்கரைகளின் பழைய தொழில்களுள் ஒன்று. இலங்கைக் கடலின் அட்டையினங்கள், ஃகேட்மன் பதிப்பித்த முத்துச்சலாப அறிக்கையில் 1903இலேயே பியசன் என்பாரால் விவரிக்கப்பட்டன. அட்டைகள் அளவின்றிப் பிடிக்கப்படவே, இந்திய அரசு 1982இல் மூன்று அங்குலத்திற் குறைந்த உலர்ந்த அட்டையை ஏற்றுமதி செய்தலைத் தடுத்தது. ஆனால், அவித்து உலர்த்தும்போது அட்டையின் நீளம் பெரிதுங் குறைகின்றது. உயிருள்ள அட்டையோ தொட்டவுடன் சுருங்கி, நீரையும் வெளியேற்றும். உண்ட மணலால் அதன் எடையும் ஏறியிறங்கும். கொலாசன் நார்கள் நிறைந்த அதன் தோற்சுவர் கணப்பொழுதில் இறுகவும் இளகவும் வல்லது என்பதை மொட்டோகாவா 1984இல் விரிவாக எடுத்துரைத்தார். ஆகவே அச்சட்டத்தின் அளவுகோல் அட்டை இறந்து உலர்ந்த பின்னரே அதன்மேல் வைக்கப்பட்டது. கடலில் நின்று, பிடிப்பதா விடுப்பதா எனத் தீர்மானிக்க வேண்டிய தொழிலாளிக்கு அது வழிகாட்டவில்லை. 2001இல் அந்நாட்டு அரசு கடலட்டை முழுவதையும் காப்புப் பட்டியலில் சேர்த்து, பிடித்தலையே தடைசெய்தது. அளவு பற்றிய விதி தன் கருத்தை நிறைவேற்றாத இடத்தில் முழுத்தடை வந்துற்றது. அதன் சுமை சிறு தொழிலாளர்மேலும் விழுந்தது.

சப்பானிய ஆய்வாளர் யமனா, ஃகமனோ இருவரும் 2006இல், அட்டையை மென்தோல் கலந்த மருந்தால் மயக்கித் தளரச்செய்து பெறும் நீளத்தை, உயிருள்ள அட்டையின் நீளத்தையும் அகலத்தையும் கொண்டே மதிப்பிடும் முறையை எடுத்துரைத்தனர். ஓரளவு ஏறினால் மற்றையது இறங்கும். இரண்டையும் சேர்த்துக்கொண்டால் மாற்றத்தின் பெரும்பகுதி ஒன்றையொன்று ஈடுசெய்யும். கனவளவு மாறாமையை அடிப்படையாகக் கொண்டு கிளாக்கும் கௌவேயும் சென்ற நெறியின் சாயல் இதிலும் உண்டு. இந்நூற்றாண்டில் இலங்கையின் வடமாகாணக் கரைகளிற் கடலட்டைப் பண்ணைகள் பல தோன்றியுள்ளன. கொல்லாமலும் வருத்தாமலும் வளர்ச்சியை அளந்தறியும் முறைக்கு அங்கே நாளும் தேவையுண்டு.

அற்ககோலும் கண்ணாடியும் மெல்லுடலின் ஒரு கணத்தைக் காத்தன. நாரின் கோணமும் நடுக்கோட்டின் வளைவும் அதன் எல்லாக் கணங்களையும் ஆளும் விதியைக் காட்டின. கெலாட்டின் ஓவியங்கள் இன்றும் மதிப்புப் பெறுவது, அவை உயிருள்ள பொருளை நோக்கி வரையப்பட்டமையாலேயே. எதனை அளக்கின்றோம் என்பதை அறியாது வைக்கும் அளவுகோல், எத்துணை நுண்ணியதாயினும் பிழையையே தரும். அப்பிழை சில வேளைகளில் நூலேட்டோடு நில்லாது கடலையும் கடலை நம்பி வாழ்வோரையும் சென்று தாக்கும். உருவம் நிலையாதாயினும், அது மாறும் முறை நிலையானது. மெல்லுடலுயிர்களை ஆராயப் புகும் மாணவர் முதலில் அளக்கக் கற்கவேண்டியது அம்முறையையே.